அருவி செய்யும் வேலை

மலையிலிருந்து இறங்கும் நீருக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அருவி. குறிஞ்சி நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் அருவியைப் பலவாறு பாடி மகிழ்ந்திருக்கிறார்கள். நீர்வீழ்ச்சி என்னும் சொல் பிற்காலத்தில் வந்து வழங்குவது. இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பனவே. எனினும் வீழ்ச்சி என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்குச் சிறிது மனக்குறை உண்டாவதுண்டு. வீழ்ச்சி என்றால் தோல்வி என்ற நினைவும் உடன் வருகின்றது அன்றோ? மலையினின்றும் இழியும் நீரோ ஓயாமல் வேலை செய்கின்றது. பாறையைத் துளைக்கின்றது, மலையை அறுக்கின்றது, தன் காலடியில் ஆழமான மடுவைத் தோண்டுகின்றது. அந்த வேலை எத்தகையது என்பதை உங்களுக்கு எடுத்துரைப்பதே இன்று என் நோக்கம்.

இதனை அறிவது தேர்வுக்காக மட்டும் அன்று. எந்த விசைகள் அருவியை உண்டாக்கினவோ, அவையே அருவியில் நீராடச் செல்வோர்க்கு ஆபத்தையும் உண்டாக்குகின்றன. ஆதலின், அருவி பிறந்த வகையை அறிந்தவன், அதனிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அறிந்தவன் ஆகிறான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் நிலநூல் கற்பித்தவன் என்ற முறையில் இதனை உறுதியாகச் சொல்வேன்.

முதலில், ஆறு என்ன செய்ய முயல்கின்றது என்று காண்போம். மலையில் பிறந்து கடலில் கலக்கும் ஆறு, தன் வழியில் உள்ள மேட்டை அறுக்கின்றது. பள்ளத்தை மணலாலும் வண்டலாலும் நிரப்புகின்றது. போதிய காலம் கிடைக்குமாயின், பிறப்பிடம் முதல் கழிமுகம் வரை சீரான சரிவு ஒன்றை அமைத்துக்கொள்ளும். ஆனால் நிலம் எங்கும் ஒரே தன்மையுடையது அன்று. சில இடங்களில் பாறை கடினமாக இருக்கும்; சில இடங்களில் நிலம் உயர்ந்தோ தாழ்ந்தோ போயிருக்கும். அத்தகைய இடங்களில் ஆற்றின் வேலை பின்தங்கிவிடுகின்றது. அவ்வாறு பின்தங்கிய இடமே அருவி. ஆறு இன்னும் செய்து முடிக்காத வேலை அது என்றும் சொல்லலாம்.

இதனை உங்கள் வீட்டுக் கிணற்றடியிலேயே நீங்கள் செய்து பார்க்கலாம். ஈர மணலை ஒரு முழ உயரத்திற்குக் குவித்து, அதன் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக வெட்டிவிடுங்கள். மேலே ஒரு தட்டை ஓட்டினை, அதன் விளிம்பு வெட்டிய பக்கத்தை ஒட்டியிருக்குமாறு வையுங்கள். பின்பு, ஒரு செம்பு நீரை ஓட்டின் மேல் மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். நீர் ஓட்டின் மேல் வழுக்கிச் சென்று விளிம்பிலிருந்து விழும். விழுந்த இடத்தில் மணல் குழியும். தெறிக்கும் நீர் ஓட்டின் அடியில் உள்ள மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். ஓட்டின் விளிம்பு தாங்குவார் இன்றி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். சற்று நேரத்தில் ஓடு சாய்ந்து விழும். என் வகுப்பில் ஆண்டுதோறும் இச்சோதனையைச் செய்து காட்டுவேன். ஓடு சாயும் கணத்தில் மாணவர் எழுப்பும் ஆரவாரம் அடுத்த வகுப்பறை வரை கேட்கும்.

நீங்கள் கிணற்றடியில் கண்டதே வட அமெரிக்காவில் பெரிய அளவில் நிகழ்ந்து வருகின்றது. கனடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் இடையே எல்லையாக ஓடுவது நயாகரா ஆறு. அங்கே மேலே இருப்பது டோலமைட் என்னும் கடினமான பாறை. அதற்குக் கீழே இருப்பது மென்மையான களிப்பாறை. விழும் நீர் களிப்பாறையை அரிக்கின்றது. தாங்குதல் இழந்த மேற்பாறை உடைந்து விழுகின்றது. அருவி ஓர் அடி பின்வாங்குகின்றது. கடந்த பனியூழி முடிந்த காலத்தில், ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய அந்த அருவி, இன்று வரை சுமார் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கின்றது. கணக்கிட்டுப் பாருங்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆகும். 1954-ஆம் ஆண்டில் அங்கே அமெரிக்கப் பக்கத்து அருவியின் விளிம்பில் ஒரு பெரும் பகுதி சரிந்து விழுந்தது. 1969-இல் அந்தப் பக்கத்து நீரை முழுவதும் தடுத்துத் திருப்பிவிட்டு, பாறையின் நிலையைப் பல மாதங்கள் ஆராய்ந்தனர். இன்று மின்சாரத்திற்காக நீரில் பெரும் பகுதி திருப்பப்படுவதால், அருவி பின்வாங்கும் வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

எல்லா அருவிகளும் இவ்வாறே பிறந்தன என்று எண்ணிவிடக் கூடாது. பனிமலை நாடுகளில் பெரிய பனியாறு தன் பள்ளத்தாக்கை மிக ஆழமாக அகழ்ந்துவிடும். பக்கத்திலிருந்து வந்து சேரும் சிறிய பள்ளத்தாக்கு அவ்வளவு ஆழம் பெறாது. பனி உருகிய பின்னர்ச் சிறு பள்ளத்தாக்கு உயரத்தில் தொங்குவது போல நிற்கும். அங்கிருந்து நீர் அருவியாக இறங்கும். இவற்றைத் தொங்கு பள்ளத்தாக்குகள் என்பர். கலிபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி அருவி அவ்வகையைச் சார்ந்தது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கதை வேறு. ஏறக்குறைய ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்து விலகிற்று. அப்பிரிவின்போது உயர்ந்த நிலவிளிம்பே, காலப்போக்கில் அரிக்கப்பட்டு இன்றைய மேற்குத் தொடர்ச்சி மலையாக நிற்கின்றது என்பது நிலநூலார் பலர் கருத்து. அம்மலையின் மேற்குப் பக்கம் சுவர் போலச் செங்குத்தானது. கருநாடகத்தில் சராவதி ஆறு 253 மீட்டர் உயரத்திலிருந்து ஜோக் அருவியாகக் குதிப்பது அந்தச் சுவரின்மேல் இருந்துதான். கிழக்குப் பக்கம் பொதுவாகச் சரிவு குறைந்தது. எனினும் நம் தென்காசி மாவட்டத்தைப் போன்ற சில இடங்களில் மலை திடீரென்று சமவெளியில் இறங்குகின்றது. அங்கேதான் குற்றாலம் அமைந்துள்ளது.

குற்றாலத்து மலைக்குத் திரிகூடம் என்பது பெயர். மூன்று சிகரங்களை உடையது என்று பொருள். அங்குப் பிறக்கும் சிற்றாறுதான் செண்பகாதேவி அருவியாகவும் பின்பு பேரருவியாகவும் இறங்கிச் சமவெளியை அடைந்து, முடிவில் தாமிரபரணியில் கலக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியால் இம்மலையின் வளத்தைத் தமிழ்நாடு முழுவதும் அறிந்திருக்கின்றது. புலவர் கண்ட மலையை நாம் இன்று பாறையின் வழியாகக் காண்போம்.

குற்றாலத்துப் பாறை, நயாகராவில் உள்ளது போல மேலே கடினமும் கீழே மென்மையுமாக அமைந்த பாறை அன்று. பூமியின் ஆழத்தில் கொடிய வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடன் நிற்கும் கடும்பாறை. அதனை நீர் எளிதில் கரைத்துவிட முடியாது. ஆகவே நீர் பாறையின் வெடிப்புகளைத் தேடுகின்றது. வெடிப்பில் ஒரு கூழாங்கல் சிக்கினால், சுழலும் நீர் அக்கல்லையே கருவியாகக் கொண்டு, ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வது போலச் சுழற்றிப் பாறையைக் குடைகின்றது. ஆற்றுப்பாறைகளில் வட்டமான குழிகளை நீங்கள் கண்டிருக்கலாம். அவை இவ்வாறு உண்டானவை. நீர் வற்றிய காலத்தில் அக்குழிக்குள் கையை விட்டால், வேலை செய்து தேய்ந்த உருண்டைக் கற்கள் அகப்படும்.

பேரருவியின் நடுவிலும் நீர் விழுந்து விழுந்து அகழ்ந்த ஆழமான பள்ளம் ஒன்று இருக்கின்றது. அதற்குப் பொங்குமாங்கடல் என்று மக்கள் பெயரிட்டிருக்கிறார்கள். மேலிருந்து வரும் நீர் முதலில் அதற்குள் விழுந்து, நிரம்பிப் பொங்கிய பின்னரே கீழே வழிகின்றது. இதன் பயன் யாது? பேரருவியின் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். இடையில் தடை எதுவும் இன்றி நீர் அவ்வளவு உயரத்திலிருந்து விழுமாயின், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் நம் தலையில் இறங்கும். அவ்வேகத்தில் இறங்கும் நீரின் கீழ் எவரும் நிற்க இயலாது. பொங்குமாங்கடலும் அதன் கீழ் உள்ள பாறைச் சரிவும் அந்த வேகத்தைத் தணித்துத் தருகின்றன. அதனாலேயே நாம் அங்கே நின்று நீராட முடிகின்றது.

அந்த வேகம் எங்கே போகின்றது? ஆற்றல் அழிவதில்லை என்று பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு பகுதி பாறையைத் தேய்ப்பதில் செலவாகின்றது. ஒரு சிறு பகுதி ஓசையாகின்றது. பெரும் பகுதி வெப்பமாகின்றது. இயந்திர வேலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜூல். அவர் கண்ட கணக்கின்படி, நீர் ஏறக்குறைய 427 மீட்டர் விழுந்தால் அதன் வெப்பநிலை ஒரு சென்டிகிரேடு பாகை உயரும். பேரருவியின் 60 மீட்டருக்கு ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்குதான் உயரும். எனவே அதனை நாம் உணர்வதில்லை. மாறாக, தெறிக்கும் திவலைகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால் குளிர்ச்சியையே உணர்கிறோம்.

இந்த ஆற்றலை மனிதன் பயன்கொள்ளவும் கற்றான். நொடிக்கு ஒரு கனமீட்டர் நீர் 60 மீட்டர் இறங்கினால், கணக்குப்படி ஏறக்குறைய 590 கிலோவாட் ஆற்றல் கிடைக்கும். காவிரியின் சிவசமுத்திர அருவியில் 1902-இலும், நீலகிரியின் பைக்காராவில் 1932-இலும், தாமிரபரணியின் பாபநாசத்தில் 1944-இலும் இவ்வாறு மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். விளக்கைப் போடும்போது அருவியையும் ஒருகால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அருவிக்குச் செல்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஆனி மாதத்தில் குற்றாலத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அருவியிலோ நீர் நிறைய விழுந்தது. ஒரு மாணவன் என்னை அணுகி, "ஐயா, இங்கே மழையே இல்லையே, இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டான். "மலைக்கு மேலே பெரிய ஏரி இருக்கிறதாம்" என்றான் அருகிலிருந்த மற்றொருவன். நான் அவர்களுக்கு மலையுச்சியைக் காட்டினேன். உச்சி மேகத்துக்குள் மறைந்திருந்தது. "ஏரி ஒன்றும் இல்லை, தம்பி. அதோ அந்த மேகத்துக்குள் இப்போது மழை பெய்கிறது. காட்டின் மண்ணும் சருகும் வேரும் அந்த மழையைக் குடித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடுகின்றன" என்றேன்.

அம்மாணவன் கேட்ட கேள்வியில் உயிர்காக்கும் உண்மை ஒன்று அடங்கியிருக்கின்றது. நாம் நிற்கும் இடத்து வானிலை வேறு. நீர் புறப்படும் இடத்து வானிலை வேறு. தென்மேற்குப் பருவக் காற்று ஜூன் முதல் வீசும்போது, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகமும் சாரலும் குற்றாலத்தை எட்டுகின்றன. அது மென்மையான சாரல். அருவியைச் சீராக நிரப்பும். ஆனால் கோடையின் இடிமழையும், அக்டோபர் முதல் வரும் வடகிழக்குப் பருவ மழையும் அத்தகையன அல்ல. குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்ப்பவை. ஒரு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்நீரின் அளவு ஒரு கோடி லிட்டர். பத்துச் சதுர கிலோமீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் ஐம்பது கோடி லிட்டர். மண் முன்பே நனைந்திருந்தால் அதில் பெரும் பகுதி நிற்காமல் ஓடிவரும். சரிவோ செங்குத்து, வழியோ குறுகியது. கீழே நிற்பவனுக்கு வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் நேர்ந்தது இதுவே. மலையில் பெய்த மழையால் திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில், நீராடிக்கொண்டிருந்தோர் சிதறி ஓடினர். உங்களைப் போன்ற இளைஞர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அச்செய்தியைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. பருவக் காற்றைப் பற்றியும் நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பற்றியும் நாம் வகுப்பில் கற்பிப்பவை வெறும் வரைபடச் செய்திகள் அல்ல. ஒருவரது உயிரோடு தொடர்புடையவை என்று அன்று மீண்டும் உணர்ந்தேன்.

வெள்ளம் பெரும்பாலும் சில அறிகுறிகளை முன்னே அனுப்பும். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கும். சருகுகளும் முறிந்த சுள்ளிகளும் மிகுதியாக வரும். அருவியின் ஓசை கனத்து மாறும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் துணியையும் செருப்பையும் தேடாமல் பக்கவாட்டில் உயர்ந்த இடத்திற்குச் செல்லுங்கள். ஆற்றின் வழியே கீழ்நோக்கி ஓடாதீர்கள். வெள்ளம் உங்களைவிட விரைந்து ஓடும். சில வேளைகளில் அறிகுறி தெரிவதற்கும் வெள்ளம் வருவதற்கும் இடையே நேரம் மிகக் குறைவு. ஆதலால், மலையில் கருமேகம் கவிந்திருக்கும்போது அருவிக்குள் இறங்காதிருப்பதே அறிவுடைமை. காவலர் ஊதல் ஊதினாலும், குளிக்கத் தடை என்று அறிவித்தாலும், "நீர் குறைவாகத்தானே இருக்கிறது" என்று வாதாட வேண்டா.

அடுத்தது, அருவியின் அடியில் உள்ள மடு. விழும் நீர் தன் காலடியைத் தோண்டும் என்று மணற்குவியலில் கண்டோம். ஆகவே அருவி விழும் இடமே அந்த ஆற்றில் மிக ஆழமான இடமாக இருக்கக்கூடும். தெளிந்த நீர் நம் கண்ணையும் ஏமாற்றும். ஒளி வளைவதால், நேராகக் குனிந்து பார்ப்பவனுக்கு உண்மை ஆழத்தில் முக்கால் பங்குதான் தோன்றும். காட்டு ஓடை ஒன்றில், இடுப்பளவுதான் இருக்கும் என்று சொல்லிச் சில மாணவர் குதிக்க ஆயத்தமாயினர். நான் அவர்களைத் தடுத்து, இரண்டு ஆள் உயர மூங்கிற்கழி ஒன்றைக் கொண்டுவரச் செய்து, கரையிலிருந்தே ஊன்றிப் பார்க்கச் சொன்னேன். கழி முழுவதும் உள்ளே சென்றும் தரை தட்டவில்லை. அதன்பின் ஒருவரும் பேசவில்லை. அன்றியும், அருவியின் அடியில் வெண்மையாகப் பொங்கும் நீரில் காற்று மிகுதியாகக் கலந்திருக்கும். அது உடலைத் தாங்கும் வலிமை குறைந்த நீர். நன்றாக நீந்தத் தெரிந்தவனும் அங்கே அமிழ்வான். சுழலும் நீர் அவனை மீண்டும் மீண்டும் அருவியின் அடிக்கே இழுக்கும். ஆழமற்ற இடத்திலோ, மேலிருந்து உருண்டு வந்த பாறைகள் நீருக்குள் மறைந்து கிடக்கும். எவ்வாறாயினும் குதித்தல் ஆகாது.

மூன்றாவது, அருவியின் விளிம்பு. நீர் தேய்த்து மெருகிட்ட பாறையில் பாசி படிந்தால் அதன்மேல் கால் நில்லாது. படம் எடுப்பதற்காக அவ்விளிம்பில் ஏறி நிற்பது, முதுகுப் பக்கமாக அபாயத்தை வைத்துக்கொண்டு முன்பக்கம் புன்னகை செய்வதாகும். படத்தைக் கீழிருந்தே எடுங்கள். அருவியும் முழுமையாகத் தெரியும்.

இறுதியாக, நாம் நீராடிய நீர் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. சிற்றாறு கீழே சென்று குளங்களை நிரப்பி வயல்களுக்குப் பாய்கின்றது. அருவியில் எண்ணெயும் சவர்க்காரமும் ஷாம்பும் கரைத்துவிட்டுப் போகிறவன், அதனை யாரோ ஒரு குடியானவரின் வயலுக்கும், கரையில் நீர் குடிக்கும் கால்நடைக்கும் அனுப்பிவைக்கிறான். பிளாஸ்டிக் உறைகளும் அவ்வாறே. மேலே உள்ள காட்டுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். காடு அழிந்தால் மழைநீரைத் தாங்கி வைக்க ஆள் இல்லை. மழை பெய்த அன்று வெள்ளம், மறுவாரம் வறண்ட பாறை என்ற நிலைதான் மிஞ்சும்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை எந்த அருவிக்குச் சென்றாலும் உடனே நீரில் இறங்கிவிடாதீர்கள். கரையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நீர் எந்தப் பாறையின்மேல் வருகிறது? வெடிப்புகள் எத்திசையில் ஓடுகின்றன? நீரின் நிறம் என்ன? மலையுச்சியில் மேகம் இருக்கிறதா? நீர் பெருகினால் நாம் ஏறிச் செல்ல வேண்டிய மேடு எது? இவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உடன் வந்த தம்பி தங்கையருக்கும் சொல்லுங்கள். அதன் பிறகு, இறங்கலாம் என்று தெளிந்தால், மகிழ்ந்து நீராடுங்கள்.